விருந்து நிறுத்தப்படவில்லை

(மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஊழியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



  உங்களில் பலர் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். வர இயலாதவர்கள் காணிக்கையையும் ஜெபத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். அனைவருக்கும் நன்றி சொல்லுகிறோம்.

வழக்கமாக இந்த நேரத்தில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன என்று கணக்குச் சொல்லுவோம். அந்தக் கணக்கு அச்சிட்ட தாளில் உங்கள் கையில் இருக்கிறது. இன்று வேறொரு கணக்கை ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. சென்ற வருஷம் நம் செய்தி மடலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வெளிவந்தது. தொழுநோயாளர் நல நிதிக்காக நடைபெறவிருந்த கேரம் போட்டி, தவிர்க்க முடியாத காரணங்களால் நிறுத்தப்பட்டது என்பதே அந்த வரி. என்ன காரணம் என்று அநேகர் கடிதம் எழுதிக் கேட்டீர்கள். நாங்கள் சரியான பதில் எழுதவில்லை. அந்தக் காரணங்கள் தவிர்க்கக் கூடியவைதான். நாங்கள்தான் தவிர்க்கவில்லை.

ஏன் கேரம்?

எங்கள் வார்டில் கேரம் போர்டு வெகு காலமாக இருக்கிறது. பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்பையும் தாக்குகிறது. முழங்கையின் அருகே ஓடும் நரம்பு கெட்டுப்போனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். மணிக்கட்டின் நரம்பும் கெட்டால் மற்ற விரல்களும் கட்டைவிரலும் சேர்ந்துகொள்ளும். விரல்கள் அழுகி விழுகின்றன என்று முன்னே எல்லாரும் நம்பினார்கள். அப்படியல்ல, உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயங்களே கையையும் காலையும் அழிக்கின்றன என்று எடுத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட். 1940களின் பிற்பகுதியில் அவர் அங்கே தொடங்கிய தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையே இன்றும் மடங்கிய விரல்களை நிமிர்த்துகிறது.

ஆனால் அறுவை சிகிச்சையோடு வேலை முடிவதில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் மாவுக்கட்டு. பிறகு பயிற்சி. வேறொரு வேலை செய்துகொண்டிருந்த தசைநாணைப் பிரித்து விரலுக்குக் கொண்டுவந்திருக்கிறோம் அல்லவா? புது வேலையை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். விரலின் அடிமூட்டை மடக்கிக்கொண்டு நடுமூட்டை நீட்டுவதுதான் அந்தப் பாடம். கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது நாம் எல்லாரும் செய்வதும் அதுதான். இயன்முறைப் பயிற்சி கொடுக்கும் எங்கள் சகோதரி, ‘விரலை நூறு தடவை நீட்டுங்கள்’ என்றால் பத்து தடவையில் சலித்துக்கொள்பவர்கள், கேரம் போர்டின் முன் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை உண்டு. அறுவை சிகிச்சை விரலை நிமிர்த்தும், உணர்ச்சியைத் திருப்பித் தராது. வேகமாகச் சுண்டினால் நகக்கண் கிழிந்தாலும் தெரியாது. ஆகவே விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டி, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லுவோம். விரல் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டு நம் மக்களுடையது. ஒரு பலகை, 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு சிவப்பு, கொஞ்சம் பவுடர் போதும். சென்னையின் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன் ஆனார். அர்ஜுனா விருது பெற்ற முதல் கேரம் ஆட்டக்காரரும் அவரே. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, வட சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆகவே நல நிதிக்குப் பணம் திரட்ட என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, திருச்சபைகளின் வாலிபர் சங்கங்களை அழைத்து ஓர் இரட்டையர் கேரம் போட்டி நடத்தலாம் என்று தீர்மானித்தோம். அந்த நிதியிலிருந்துதான் எம்.சி.ஆர். செருப்பு செய்கிறோம், ஊர் திரும்புகிறவர்களுக்கு பஸ் கட்டணம் கொடுக்கிறோம்.

32 ஜோடிகள் பெயர் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் ஜோடிக்கு 300 ரூபாய். வியாபாரிகளும் நலம் விரும்பிகளும் பரிசுக்காகவும் விளம்பரத்துக்காகவும் 1,20,000 ரூபாய் வரை வாக்குக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை தொடக்க ஆட்டமாக எங்கள் வார்டிலிருந்து நான்கு பேர் விளையாடுவார்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்தோம்.

வியாழக்கிழமை மாலை

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மண்டபத்தைக் கவனிப்பவர் டெலிபோனில் பேசினார். தயங்கித் தயங்கிப் பேசினார். நோட்டீஸைப் பார்த்த சில பெற்றோர், தங்கள் பிள்ளைகள் அதே போர்டில், அதே காயைத் தொட்டு விளையாட வேண்டுமா என்று கேட்டார்களாம். மண்டபத்தில் அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கிறதாம், அந்த வீட்டாரும் கேட்டார்களாம். ‘அந்த நாலு பேரை மட்டும் கூட்டி வராதீங்க, மத்தபடி போட்டிய நடத்திக்கோங்க’ என்றார்.

அந்த நான்கு பேரும் மருந்தை முழுமையாக முடித்தவர்கள். கூட்டு மருந்து சிகிச்சையில் உள்ள ரிஃபாம்பிசின் ஒரே வேளையில் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறது. மருந்து எடுத்தவரிடமிருந்து நோய் பரவாது. கை குலுக்குவதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ இந்த நோய் வருவதுமில்லை. இதையெல்லாம் நாங்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லுகிறவர்கள். அன்று மாலை டெலிபோனில் ஏனோ அதைச் சொல்லவில்லை.

இரவு ஏழு மணிக்குக் கூடினோம். நான்கு பேரை விட்டுவிட்டு நடத்துவது சரியில்லை என்பதில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். அதுவரை நல்லது. வேறு இடம் தேட நேரமில்லை என்றோம். விஷயம் வெளியே தெரிந்தால் திருச்சபைகளுக்குள் மனஸ்தாபம் வரும், காணிக்கை குறையும் என்றோம். இருபது நிமிஷத்தில் போட்டியை நிறுத்திவிட்டோம். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதி அனுப்பினோம். எங்கள் மருத்துவமனை வளாகத்திலேயே நீண்ட வராந்தா இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை. வார்டிலே அந்த நான்கு பேரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

பணக் கணக்கு

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறோம். நுழைவுக் கட்டணம் 9,600 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தோம். மண்டபத்தின் முன்பணம் திரும்பி வந்தது. சமையல் செய்யும் அம்மா வெள்ளிக்கிழமை காலையே காய்கறியும் இறைச்சியும் வாங்கிவிட்டிருந்தார். தினக்கூலிக்கு நான்கு பெண்களையும் சொல்லி வைத்திருந்தார். அவருக்குக் கொடுத்த 12,000 ரூபாயைத் திருப்பிக் கேட்பது நியாயமல்ல, கேட்கவில்லை. போர்டு வாடகையில் 2,000 ரூபாய், அச்சுக் கூலி 3,500 ரூபாய். ஆக 17,500 ரூபாய் வீணானது. அது நீங்கள் கொடுத்த பணம். அதனால்தான் உங்களிடம் சொல்லுகிறோம்.

பணத்தில் அடங்காததும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து வரவேண்டிய இரண்டு வாலிபர்களுக்குச் செய்தி சொல்ல மறந்துபோனோம். அவர்கள் இரவு இரயிலில் வந்து, சனிக்கிழமை காலை பூட்டிய மண்டபத்தின் வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். வாக்குக் கொடுத்திருந்த வியாபாரிகளில் பலர், போட்டி இல்லை என்றதும் வேறு காரியத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தச் சகோதரர்

நான்கு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கட்டட வேலை செய்கிறவர். வலது கையில் விரல்கள் மடங்கி, கரண்டியைப் பிடிக்க முடியாமல் வேலையை இழந்து வந்தவர். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. வந்த புதிதில் போர்வைக்குள் கையை மறைத்துக்கொண்டிருந்தவர், கேரம் போர்டின் முன் உட்கார்ந்த பிறகு வார்டில் எல்லாரையும் வம்புக்கு இழுக்க ஆரம்பித்தார். சனிக்கிழமைக்காக ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வரச் சொல்லி மனைவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

போட்டி நின்ற செய்தி வெள்ளிக்கிழமை காலை வார்டைத் துடைக்க வந்தவர் மூலம் அவருக்குத் தெரிந்தது. எங்களில் ஒருவர் வார்டுக்குப் போனபோது, ‘எங்களாலதானே ஐயா?’ என்று கேட்டார்.

‘இல்லப்பா, மண்டபத்துல ஏதோ ரிப்பேர் வேல’ என்று சொன்னோம்.

அவரைப் புண்படுத்தக் கூடாது என்று சொன்ன பொய் அது. அவர் மறுபடி கேட்கவில்லை. சனிக்கிழமை காலை மருந்து கொடுக்கப் போன சிஸ்டர், கட்டில் காலியாக இருப்பதைக் கண்டார். வெள்ளைச் சட்டை தலையணையின் மேல் மடித்து வைத்திருந்தது.

அவருக்கு இடது பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. அவருடைய எம்.சி.ஆர். செருப்பு எங்கள் பட்டறையில் பாதி வேலையில் இருந்தது. திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தோம். உட்புறம் மென்மையான ரப்பரும் அடியில் கெட்டியான ரப்பரும் வைத்து, ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டிச் செய்யும் செருப்பு அது. அது இல்லாமல் கடையில் வாங்கிய சாதாரண ரப்பர் செருப்போடு கட்டட வேலைக்குப் போனார். பலகையில் இருந்த ஓர் ஆணி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. வலியில்லை. இரண்டு நாள் அதோடு நடந்திருக்கிறார். ஏழு வாரம் கழித்து மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது புண் எலும்புவரை போயிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆணிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லலாம். ஆனாலும் வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லியிருந்தால், கோபப்பட்டிருப்பார், திட்டியிருப்பார், திங்கட்கிழமைவரை இருந்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

லூக்கா 14

சற்று முன் வாசிக்கக் கேட்ட லூக்கா 14ஆம் அதிகாரத்தின் உவமை, அந்த நாட்களில் எங்கள் காலை ஜெபத்தில் வந்தது. அதுவரை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். ஒருவன் பெரிய விருந்து செய்கிறான். அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் முன்னமே அழைப்பைப் பெற்றவர்கள். எல்லாம் ஆயத்தமான பிறகு, ஆள் அனுப்பிக் கூப்பிடும் வேளையில், ஒருவன் நிலம் வாங்கினேன் என்கிறான், ஒருவன் ஏர்மாடு வாங்கினேன் என்கிறான், ஒருவன் கல்யாணம் என்கிறான். அந்தக் காலத்துத் ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ இவைதான்.

வீட்டெஜமான் கோபப்பட்டான். ஆனால் விருந்தை நிறுத்தவில்லை. சமைத்ததைக் கொட்டிவிடச் சொல்லவில்லை. வேறு ஆட்களை உள்ளே கொண்டுவரச் சொன்னான். யாரை? ஏழைகளை, ஊனரை, சப்பாணிகளை, குருடரை. அதற்குப் பிறகும் இடம் இருந்ததென்று ஊருக்கு வெளியே இருந்தவர்களையும் வருந்திக் கூட்டிவரச் சொன்னான்.

நாங்கள் என்ன செய்தோம்? வரமாட்டோம் என்றவர்களுடைய மனம் நோகக் கூடாது என்று, வந்து உட்காரக் காத்திருந்தவர்களின் இலையை எடுத்துவிட்டோம். உவமையில் சாக்குச் சொன்னவர்கள் விருந்தாளிகள். எங்கள் காரியத்தில் விருந்து வைத்தவர்களே சாக்குச் சொன்னோம்.

தொழுநோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க இடங்கொடுத்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இடமளித்த சட்டப் பிரிவுகள் 2019இல் எடுக்கப்பட்டன. சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தாயிற்று. எங்கள் ஆபீசுக்குள் அது இன்னும் இருந்தது என்பதை அந்த வியாழக்கிழமை கண்டுகொண்டோம்.

அதற்குப் பிறகு

அந்தச் சகோதரர் காலில் கட்டோடு படுத்திருந்தபோது, நாங்கள் அவருடைய கட்டிலருகே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். ‘எனக்கு அன்னைக்கே தெரியும் ஐயா. நீங்க சொல்லலையேன்னுதான்’ என்று மட்டும் சொன்னார்.

பிறகு பெயர் கொடுத்திருந்த எல்லாச் சபைகளுக்கும், நடந்ததை நடந்தபடியே எழுதினோம். மண்டபத்தின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் எழுதவில்லை. குற்றம் எங்களுடையது என்றே எழுதினோம். அடுத்த மாதம் எங்கள் வராந்தாவில் போட்டி, நான்கு பேரும் விளையாடுவார்கள், வர விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றோம்.

32 ஜோடிகளில் 11 ஜோடிகள் வந்தார்கள். நாகர்கோவில் வாலிபர் இருவரும் மறுபடி இரயிலேறி வந்தார்கள். மண்டபத்தில் விளையாடக் கூடாது என்று சொன்ன தாய்மாரில் ஒருவர் மகனோடு வந்து, முதல் ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு சிஸ்டரோடு வார்டைச் சுற்றிப் பார்த்தார். மத்தியானம் பந்தியில் எங்கள் நோயாளிகளுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டை அதே சமையல்கார அம்மாதான் செய்தார். முதல் தடவை வாங்கிய கோப்பைகளையே கொடுத்தோம். பழைய தேதியின் மேல் காகிதம் ஒட்டியிருந்தோம்.

எங்கள் சகோதரர் சக்கர நாற்காலியில், காலை ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அதே வெள்ளைச் சட்டையில் விளையாடினார். அவரும் அவருடைய ஜோடியும் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். சிவப்பைப் போட்டுவிட்டு அதற்கான ஃபாலோவைத் தவறவிட்டார். எதிர்க்கட்சிக்காரர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் சரியாக வைக்கவில்லை என்று நடுவரோடு வெகு நேரம் சண்டை போட்டார். ஆட்டம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதைக் கண்டபோது எங்கள் சகோதரி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சேர்ந்தது 46,000 ரூபாய். முதலில் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. எங்கள் கடிதத்தைக் கண்டு இரண்டு ஆதரவாளர்கள் இனிக் காணிக்கை அனுப்பப்போவதில்லை என்று எழுதினார்கள். இதையும் மறைக்க விரும்பவில்லை. செருப்புப் பட்டறையில் இவ்வருஷம் தோலும் ரப்பரும் வாங்கப் பணம் குறைவுபடுகிறது.

உங்களிடம் கேட்பது

அன்பானவர்களே, மூன்று காரியங்களுக்காக வேண்டிக்கொள்ளுகிறோம்.

முதலாவது, தொழுநோய் தீர்ந்துபோயிற்று என்று எண்ணவேண்டாம். 2005இல் நம் தேசம் ஒழிப்பு இலக்கை எட்டியதாக அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அந்த இலக்கு. ஒருவரும் இல்லை என்பது அதன் பொருளல்ல. 2023ஆம் ஆண்டில் உலகமெங்கும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர், ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள். உங்கள் சபையில், தெருவில், யாருக்காவது வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாவிட்டால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். மருந்து இலவசம். நோயின் தன்மையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். நரம்பு கெடுமுன் மருந்து தொடங்கினால் எங்கள் அறுவை சிகிச்சைக்கும் செருப்புக்கும் தேவையே இராது.

இரண்டாவது, செருப்புப் பட்டறைக்காக உங்களால் இயன்றதைக் கொடுங்கள். மாதம் ஒரு ஜோடிக்கு ஒரு குடும்பம் பொறுப்பெடுத்தால் போதும்.

மூன்றாவது, இந்த வருஷமும் அதே வராந்தாவில் கேரம் போட்டி உண்டு. பணம் அனுப்பினால் நன்றி. ஆனால் நேரில் வாருங்கள். வந்து எங்கள் சகோதரருக்கு எதிரே உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள். அவருடைய கால் ஆறிவிட்டது, செருப்பும் போட்டிருக்கிறார், மேஸ்திரியிடம் மறுபடி வேலைக்கும் சேர்ந்திருக்கிறார். போட்டிக்கு லீவு சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை ஃபாலோவை விடப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

மழையோ புயலோ வந்தால் தேதி மாறலாம். அப்படி மாறினால் காரணத்தை எழுதுவோம். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களையும் உங்கள் கைகளின் கிரியைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.